அந்தப் பையனுக்கு யாரு சொன்னா?

2010 தீபாவளிக்கு முந்தின ராத்திரி. நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் டிவி ரிப்பேர். அரிசி டிரம் மேல் லேப்டாப்பை வைத்து அம்மாவுக்கு ‘நாயகன்’ போட்டுக் காட்டினேன்.

அம்மா அதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. 1987 தீபாவளிக்கு அது வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அதே நாளில் ரஜினியின் ‘மனிதன்’ வந்திருந்தது. அப்பா அதற்குத்தான் கூட்டிப் போனாராம். ‘நாயகன்’ தியேட்டரைத் தாண்டி நடந்துபோனது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. “போஸ்டர்ல கமல் கிழவனா நின்னாரு. உங்கப்பா, தீபாவளிக்கு எவனாச்சும் கிழவனைப் பாப்பானான்னுட்டாக.”

அதிரசம் தட்டிக்கொண்டே பார்த்தாள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பிடித்த படத்தை மற்றவர்களுக்குக் காட்டும்போது எல்லோரும் செய்வதுதானே. பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சம் வரும் இடத்தில் நிறுத்திச் சொன்னேன். இளையராஜா சத்தமே இல்லாமல் விட்ட இடத்தைச் சொன்னேன். அம்மா “ம்” கொட்டினாள். மகன் செத்துக் கிடக்கும்போது வேலு நாயக்கர் அழுகிற காட்சியில் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

படம் முடிந்தது. கோர்ட் வாசல். பேரன் தாத்தாவிடம் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். கேல்கரின் மகன் சுடுகிறான். நான் அம்மா அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கேட்டாள்:

“அந்தப் பையனுக்கு யாருப்பா சொன்னா?”

“எதை?”

“அவுகப்பாவைக் கொன்னது இவருதான்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய படம், இவ்வளவு பெரிய நடிப்பு, அம்மாவுக்கு வந்த சந்தேகத்தைப் பார். “போலீஸ்காரங்க கேஸ் நடத்தும்போது தெரிஞ்சிருக்கும்மா. அதுவா முக்கியம்?” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

அடுத்த வாரம் ஹாஸ்டலில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

*

எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. 500 ஜிபி. யாருடையது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது; அறை அறையாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் ‘மஸ்ட் வாட்ச்’ என்றொரு ஃபோல்டர். ‘காட்ஃபாதர்’ முதல் இரண்டு பாகங்கள், ‘குட்ஃபெல்லாஸ்’, ‘ஸ்கார்ஃபேஸ்’, ‘சிட்டி ஆஃப் காட்’, ‘சத்யா’, ‘நாயகன்’, ‘தளபதி’, ‘புதுப்பேட்டை’. எண்ணிப் பார்த்தால் அதிலிருந்த படங்களில் முக்கால்வாசி யாராவது யாரையாவது சுடுகிற அல்லது வெட்டுகிற படங்கள். பதினெட்டு வயதுப் பையன்களுக்கு உலக சினிமா என்றால் அதுதான்.

அந்த வயதில் ‘கிளாசிக்’ என்பது பார்க்கிற விஷயமில்லை, ஒப்புக்கொள்கிற விஷயம். ‘காட்ஃபாதர்’ முதல் தடவை பார்த்தபோது நான் பாதியில் தூங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மெஸ்ஸில் “என்னா ஸ்க்ரீன்ப்ளே மச்சி” என்றேன். இரண்டாவது தடவையும் கொஞ்சம் தூங்கினேன். மூன்றாவது தடவை, வேறு வயதில், தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோதுதான் படம் எனக்குத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் எத்தனை பேரிடம் அதை மாபெரும் படம் என்று வாதாடினேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

‘நாயகன்’ அப்படி இல்லை. அது முதல் தடவையே பிடித்தது. ஆனால் ஏன் பிடித்தது என்று கேட்டால் நான் சொன்ன பதில்கள் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. 2005இல் ‘டைம்’ பத்திரிகை வெளியிட்ட நூறு சிறந்த படங்களின் பட்டியலில் அது இருக்கிறது. கமலுக்கும் பி.சி. ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் தேசிய விருது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். பென்ச்மார்க் எண்களைச் சொல்லி ஒரு ப்ராசஸரை விற்பதுபோல இவற்றைச் சொல்லித்தான் நான் அந்தப் படத்தை விற்றேன்.

எதிர்க்கட்சியும் உண்டு. “காட்ஃபாதர் காப்பிடா அது” என்பான் ஒருவன். சாயல் இருப்பது உண்மைதான். கிழவர் ஆன டான், கொல்லப்படுகிற மகன், குடும்பத்துக்குள் வந்து விழுகிற தொழில். ஆனால் வேலு நாயக்கருக்குப் பின்னால் இருந்த நிஜ ஆள் இத்தாலிக்காரர் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பம்பாய் போய், விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, சாராயத்திலும் கடத்தலிலும் பெரிய ஆளான வரதராஜ முதலியார். படம் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அதற்குச் சில மாதங்கள் கழித்து, 1988 ஜனவரியில், சென்னையில் இறந்தார். துப்பாக்கிக் குண்டால் இல்லை, சாதாரணமாக. படத்தில் அவருக்குக் கிடைத்த முடிவு நிஜத்தில் கிடைக்கவில்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நிஜம் படத்தின் அளவுக்கு வரவில்லையே என்று.

*

எங்கள் பக்கம் டான் கிடையாது. மதுரைக்காரர்கள் வந்து எங்கள் ஊரில் படம் எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வேன். 2005 தீபாவளிக்கு ‘சிவகாசி’ என்ற பெயரிலேயே விஜய் படம் வந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு விழுந்தடித்துப் போனோம். ஹீரோ பெயர் சிவகாசி, தொழில் வெல்டிங் பட்டறை. சரி, வெடி என்பது எங்களுக்குத் தொழில், மற்றவர்களுக்கு உவமை.

எங்களுக்கு டான் இல்லை, முதலாளி உண்டு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள். தண்ணீர் இல்லாத கரிசலில் மழை பெய்யாததே ஒரு முதலீடு என்று கண்டுபிடித்த ஊர் இது. தீப்பெட்டி, அதற்கு லேபிள், லேபிளுக்கு அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர், சினிமா போஸ்டர், நடுவில் பட்டாசு. நேருவே ‘குட்டி ஜப்பான்’ என்றார் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

முதலாளி என்ற சொல்லை எங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். அதில் பயம் இருக்கும், பாசம் இருக்கும், கணக்கும் இருக்கும். கோயில் பொங்கலுக்கு அவர் கொடுத்த நன்கொடை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த அறை, பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கொடுக்கிற அட்வான்ஸ். அந்த அட்வான்ஸ் அடுத்த வருடம் முழுக்க உன் கையைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாலு பேருக்கு நல்லது நடந்தால் எதுவும் தப்பில்லை என்கிற ‘நாயகன்’ பட நியாயத்தை எங்கள் ஊரில் யாரும் புதிதாகக் கேட்கவில்லை.

அப்பா பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். சாயங்காலம் வரும்போது புருவம்கூட வெள்ளியாக இருக்கும். சின்ன வயதில் அது எனக்கு எம்.ஜி.ஆர். படத்து ராஜா வேஷம் மாதிரித் தெரியும். குளித்து முடித்தாலும் காது மடிப்பில் கொஞ்சம் மினுங்கும்.

1999இல், எனக்கு ஒன்பது வயதில், அப்பா போய்விட்டார். அவர் வேலை பார்த்த அறை வெடித்தது. கூட மூன்று பேர். மறுநாள் பேப்பரில் ஒரு பத்திச் செய்தி. ‘மருந்து உராய்வினால் ஏற்பட்ட விபத்து’. எங்கள் மாவட்டத்தில் பேப்பர் படிக்கிற யாருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும், அதில் பலர் உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும்தான், அதற்குப் பின்னால் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும், நான் முதலில் தேடியது அந்தச் சொல்லைத்தான். உராய்வு. எதன் மேல் எது உராய்ந்தது என்று இருக்கும். யார் உராயவிட்டார் என்று இருக்காது.

நான் வேலை பார்க்கிற இடத்தில் சர்வர் விழுந்தால் ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் யார் பெயரும் வரக்கூடாது என்பது விதி. ஆளைக் குற்றம் சொல்லாதே, அமைப்பைத் திருத்து. நல்ல விதி, நானே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது அந்த ஒரு பத்திச் செய்தி ஞாபகம் வரும். அதிலும் யார் பெயரும் இல்லை. ஆனால் எதையும் திருத்தவும் இல்லை.

அப்பா போன பிறகு என் படிப்புச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஆலையில் அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். நாங்கள் அவரையும் முதலாளி என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம், அப்புறம் கவுன்சிலிங்கில் கிடைத்த தனியார் கல்லூரி, ஹாஸ்டல், எல்லாம். அந்த லேப்டாப்பும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டுக்கும் நான் அவர் வீட்டுக்குப் போய் மார்க்கைச் சொல்வேன். காபி கொடுப்பார்கள். “அப்பா மாதிரி கெட்டிக்காரன்” என்பார். நான் அவர் காலில் விழுந்திருக்கிறேன். அம்மா ஒரு தடவைகூட என்னோடு வந்ததில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

*

2019இல் அவர் இறந்துபோனார். சென்னையில் ஆபீஸில் இருந்தேன். லீவு சொல்லிவிட்டு ராத்திரி பஸ் ஏறினேன். விடிகாலை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்கடை திறக்கிற வரை காத்திருந்து, பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா மாலையைப் பார்த்தாள். “போயிட்டு வா. மாலை வேண்டாம்” என்றாள்.

“ஏம்மா?”

“வேண்டாம்னா வேண்டாம். சும்மா போயிட்டு வா.”

நான் சண்டை போட்டேன். நன்றி கெட்டதனம் என்றெல்லாம் பேசினேன். கடைசியில் மாலையை எடுத்துக்கொண்டுதான் போனேன். திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது அம்மா சொல்ல ஆரம்பித்தாள். இருபது வருடம் பூட்டி வைத்திருந்ததை அரைமணி நேரத்தில் சொல்லி முடித்தாள்.

கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். ராத்திரி வைத்திருந்து ஈரம் ஏறினால் தானாகவே சூடாகும். இது அப்பாவுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். முந்தின நாள் மருந்து மிஞ்சியிருந்தது. தீபாவளிக்கு இன்னும் சில வாரம். ஆர்டர் நெருக்கடி. அப்பா கொட்டிவிடலாம் என்றிருக்கிறார். “வேஸ்ட் பண்ணாத, காலைல முதல்ல அதை முடிச்சிரு” என்று அவர் சொல்லியிருக்கிறார். அறைக்கு வெளியே நின்று அதைக் கேட்டவர்களில் ஒருத்தி அம்மா. அவளும் அப்போது அங்கேதான் வேலை பார்த்தாள். காகிதக் குழாய் உருட்டுகிற ஷெட்டில்.

போலீஸ் வந்து கேட்டபோது போர்மேன் பேரைச் சொல்லச் சொன்னார்கள். அவனும் ஒத்துக்கொண்டான், கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டான்.

“நீ சொல்லலையா?”

“சொல்லலை.”

“பயந்துட்டியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “பயமெல்லாம் இல்லப்பா. பதினாறாம் நாளு வீட்டுக்கு வந்தாக. பணம் கொண்டாந்தாக. நான் வாங்கலை. பணம் வேணாம், எம்புள்ள எம்புட்டுப் படிக்கிறானோ அம்புட்டும் படிக்க வைக்கணும்னேன். எழுதித் தர முடியாதுன்னாக. எழுத வேணாம், மாரியம்மன் மேல சத்தியம் பண்ணுங்கன்னேன். பண்ணுனாக. நானும் வாயைத் திறக்கலை. அவுகளும் வாக்கு மாறலை.”

அது உதவி இல்லை, பேரம். அதை நடத்தியவள் என் அம்மா. முப்பது வயதுகூட ஆகாத, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு பெண், தன்னிடமிருந்த ஒரே சரக்கை, தன் வாயை, எவ்வளவுக்கு விற்கலாம் என்று பதினாறு நாளில் கணக்குப் போட்டிருக்கிறாள்.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. விடியும்போதுதான் அதிரச வாசனையோடு அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பையனுக்கு யாருப்பா சொன்னா?

அவள் கதையில் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள்.

*

2023 நவம்பரில் ‘நாயகன்’ மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது. சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் தனியாகப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் எல்லாம் கல்லூரிப் பையன்கள். வசனங்களுக்கு முன்னாலேயே கைதட்டினார்கள். நான் அந்த வயதில் எதற்குத் தட்டியிருப்பேனோ அதற்கெல்லாம் தட்டினார்கள்.

நான் இந்தத் தடவை ஒரே ஆளைத்தான் பார்த்தேன். வேலு தன்னை வளர்த்தவரைக் கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரைப் பட்டப்பகலில் எல்லோர் முன்னாலும் கொல்கிறான். பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்வதில்லை. அப்புறம்தான் கேல்கருக்கு மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருப்பது அவனுக்குத் தெரிகிறது. அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறான். பையன் வளர்கிறான். டினு ஆனந்த் அந்த வேஷத்தில் வருகிற நேரம் மொத்தமே கொஞ்சம்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்தப் படங்களுக்கெல்லாம் இவ்வளவு பெயர் தகுமா?

‘நாயகன்’ மேல் எனக்கு இன்று ஒரு பெரிய புகார் உண்டு. சாட்சி சொல்லாதவர்களின் மௌனத்தை அந்தப் படம் விசுவாசமாகப் பார்க்கிறது. கொஞ்சம் பயம், நிறைய அன்பு. தாராவியின் ஜனங்கள் ஒரே ஆளாக நின்று வாயை மூடிக்கொள்கிறார்கள், இசை எழுகிறது, நமக்கு மெய்சிலிர்க்கிறது. வாயை மூடிய ஒவ்வொருவர் வீட்டிலும் அன்று ராத்திரி என்ன பேசினார்கள்? என்ன விலைக்கு மூடினார்கள்? படத்துக்கு அதில் அக்கறை இல்லை. பெரும்பாலான கேங்ஸ்டர் படங்களுக்கும் இல்லை. ஜனங்கள் என்றால் பின்னணியில் நிற்கிற கூட்டம், கும்பிடுகிற கை. ‘பாட்ஷா’வில் அது இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அது தன்னை வேறு எதுவாகவும் சொல்லிக்கொள்ளவில்லை. திருவிழாவில் சாமி வரும்போது யாரும் சாமியிடம் கணக்குக் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் ‘காட்ஃபாதர்’ கெட்டி. மூன்றாவது தடவை பார்த்தபோது எனக்குத் திறந்த கதவு அதன் முதல் காட்சிதான், நான் இரண்டு தடவை தூங்கிப்போன அதே காட்சி. பொணசெரா என்கிற சவ அடக்கக் கடைக்காரர் தன் மகளுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு வந்து நிற்கிறார். டான் கார்லியோன் காசு வாங்க மாட்டார். என்றைக்காவது ஒருநாள் நான் கேட்பேன், அன்றைக்குச் செய் என்கிறார். பின்னால் மகன் சன்னி செத்தபோது அந்த உடலைச் சீர்செய்யச் சொல்லி அந்தக் கடன் வசூலாகிறது. 1972இல் வந்த அந்தப் படம் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது: இங்கே தர்மம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் பேரேடு. கடைசியில் மனைவியின் முகத்தில் கதவு சாத்தப்படுகிறது. அந்தப் பெயர் அதற்குத் தகும். ஆனால் நாங்கள் ஹாஸ்டலில் ரீவைண்ட் பண்ணிப் பார்த்தது ஹோட்டல் கழிவறையிலிருந்து துப்பாக்கி எடுத்துவருகிற காட்சியைத்தான்.

தமிழிலும் இந்தக் கணக்கைத் தெரிந்த படங்கள் உண்டு. அவற்றில் சில வந்தபோது மதிக்கப்படாதவை. ‘புதுப்பேட்டை’ 2006இல் வந்தபோது பெரும்பாலானவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அது ஒரு மதம். கொக்கி குமார் அடி வாங்குகிறவன், உயிருக்குக் கெஞ்சுகிறவன் என்பதுதான் அதன் பலம். இன்றைய மீம்களில் அந்தக் கெஞ்சல் காணாமல்போய் கெத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘சுப்ரமணியபுரம்’ 2008இல் வந்தபோது எங்கள் வகுப்பே தாவணிக்கும் தாடிக்கும் விழுந்தது. வேலை வாங்கிக்கொண்டவன் கைவிடுவான், நண்பனே காட்டிக்கொடுப்பான், 28 வருடம் கழித்தும் ஒருவன் கத்தியோடு ஜெயில் வாசலில் நிற்பான் என்பதுதான் அந்தப் படம். 2011இல் ‘ஆரண்ய காண்டம்’ தியேட்டரில் நிற்கவே இல்லை. அதில் எனக்கு முக்கியம் டான்கள் இல்லை, சேவல்காரரும் அவர் மகன் கொடுக்காப்புளியும். அப்பாவை ரொம்பப் பிடிக்குமா என்று கேட்டதற்கு அந்தப் பையன் சொல்கிற பதில், பிடிக்கும் என்பதும் இல்லை, பிடிக்காது என்பதும் இல்லை; அவர் தன் அப்பா, அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

பெயரை நிரந்தரம் என்று நினைப்பதும் தப்பு. ‘தேவர் மகன்’ 1992 தீபாவளிக்கு வந்தது. தேசிய விருது வாங்கிய, திரைக்கதைப் பாடமாகச் சொல்லப்படுகிற படம். அரிவாளைக் கீழே போடச் சொல்லி முடிகிற அந்தப் படத்தின் பாட்டைப் போட்டே எங்கள் பக்கத்து ஊர்களில் அரிவாளைத் தூக்கினார்கள். அந்தப் படம் தனக்கு ஏற்படுத்திய வலியைப் பற்றி மாரி செல்வராஜ் வெளிப்படையாகப் பேசினார். அதிலிருந்து பிறந்ததுதான் 2023இல் வந்த ‘மாமன்னன்’. அங்கே இசக்கியாக நின்ற வடிவேலு இங்கே மாமன்னனாக உட்கார்ந்தார். முப்பது வருடம் கழித்து ஒரு துணைக் கதாபாத்திரம் கதாநாயகனிடம் கணக்குக் கேட்டது. கிளாசிக் என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்பதில்லை. கேட்டால் பதில் சொல்கிற அளவுக்கு அதற்குள் சரக்கு இருக்க வேண்டும்.

எங்கள் மண்ணிலிருந்து வந்த இரண்டு படங்கள் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006இல் எடுத்த ‘வெயில்’ ஒன்று. எதிலும் ஜெயிக்காத அண்ணன்தான் அதில் நாயகன். சலம் பென்னூர்க்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ இன்னொன்று. சிவகாசித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படம். நான் அதைப் பார்த்தது முப்பது வயதுக்கு மேல், ஆபீஸ் கேபின் ஒன்றில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அந்தக் குழந்தைகளின் விரல்கள் ஓடுகிற வேகத்தை எனக்குத் தெரியும். அம்மாவின் விரல்கள் இன்னும் அப்படித்தான் ஓடும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். பென்ச்மார்க் எண்களை வைத்துப் படங்களை அடுக்கிய எந்தப் பட்டியலிலும் இது வந்ததில்லை.

ஆக, ‘நாயகன்’? புகாரையெல்லாம் வைத்துக்கொண்டே சொல்கிறேன், தகும். வெளிச்சத்துக்காக இல்லை, நடிப்புக்காகவும் இல்லை, அவை இருந்தும். அந்தப் படம் கேல்கரின் மகனை மறக்கவில்லை. மறந்திருக்கலாம். எதிரி கும்பல் ஒருவனை வைத்து வேலு நாயக்கரைச் சுட்டிருக்கலாம், ஜனங்கள் நடுவில் வீர மரணம் கொடுத்திருக்கலாம். நிஜ ஆளைப்போல படுக்கையில் சாகவிட்டிருக்கலாம். அதைச் செய்யாமல், சோறு போட்டு வளர்க்கப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. சோறு ஒரு கணக்கு, அப்பா வேறொரு கணக்கு. ஒன்றில் வரவு வைத்து இன்னொன்றில் கழிக்க முடியாது என்று சொன்னது. பேரனின் கேள்விக்குப் பதில் தெரியாமல் கிழவர் நிற்கிறார். பதில் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதின்மூன்று வருடமும் ஒரு மாலையும் தேவைப்பட்டது. அம்மாவுக்கு இரண்டரை மணி நேரம் போதுமாக இருந்தது.

*

எனக்கும் அந்த மனிதர் மேல் கோபம் இருக்கிறதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. ரிசல்ட் சொல்லப் போனபோது அந்த வீட்டில் குடித்த காபியின் ருசியும் இருக்கிறது. அவர் வாக்கு மாறவில்லை. அப்பாவிடம் அதைக் கொட்டிவிடு என்று சொல்லவுமில்லை. அம்மா மேலும் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. கூடச் செத்த மூன்று பேர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு யார் என்ன பேசி முடித்தார்கள் என்று நான் கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சது எம்புள்ள ஒருத்தந்தான்” என்றாள். அந்த மூன்று வீட்டில் ஒரு வீட்டுப் பையன் இன்றைக்கும் மருந்து கலக்கிறான். ஊருக்குப் போகும்போது டீக்கடையில் பார்த்தால் “எப்ப வந்த?” என்பான். புருவத்தில் வெள்ளி ஒட்டியிருக்கும். இந்தக் கட்டுரையில் எனக்கு எழுத வராத பகுதி அவன்தான்.

போன தீபாவளிக்கு அம்மா சென்னைக்கு வந்திருந்தாள். மாடியிலிருந்து வெடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தத்தை வைத்தே எந்த ரகம் என்று சொல்வாள். நான் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கு அந்தக் கடைசிக் காட்சி ஓடும்போது என்ன நினைத்தாள் என்று. ரொம்ப நேரம் பேசவில்லை.

அப்புறம் கேட்டாள்: “சுட்டதுக்கப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?”

“படத்துல காட்டலைம்மா.”

“ஆமா” என்றாள். “அதெல்லாம் எங்க காட்டப் போறாக.”

கீழே யாரோ சரவெடியைப் பற்ற வைத்தார்கள். முடிகிற வரை இரண்டு பேரும் பேசவில்லை.